அடைக்கலமும் உரிமையும்: கல்கத்தாச் சீனர் வரலாறு

ஒரு நகரத்தின் வரலாற்றை அறிய விரும்புவோர் அதன் கோட்டைகளையும் கொலுமண்டபங்களையும் மட்டும் பார்த்துத் திரும்பிவிடுதல் போதாது. அந்நகரின் சந்துகளில் யார் யார் வந்து குடியேறினர், எந்தத் தெய்வத்தை எந்த மொழியில் வணங்கினர், பசித்தபோது எந்தத் தொழிலைச் செய்தனர் என்று தேடிப் பார்த்தல் வேண்டும். அவ்வாறு தேடுவோர்க்குக் கல்கத்தா போல் விருந்தளிக்கும் நகரம் இந்தியாவில் வேறொன்று இருப்பது அரிது. 2001 முதல் கொல்கத்தா என வழங்கும் அந்நகரின் நடுவே, ஒரு நாழிகை நடையில் சுற்றிவிடத்தக்க சிறு வட்டாரத்துள், முஸ்லிம்களின் பள்ளிவாசல், யூதர்களின் ஜெபாலயங்கள், ஆர்மேனியர்களின் தேவாலயம், போர்த்துகீசியர் கட்டிய கத்தோலிக்கப் பேராலயம், பார்சிகளின் அக்கினிக் கோயில், வங்காளப் பௌத்தர்களின் விகாரை ஆகிய அனைத்தும் உள்ளன. இவற்றின் இடையே, செந்நிறக் கதவும் பொன்னிற எழுத்தும் கொண்ட சீனக் கோயில்கள் சிலவும் நிற்கின்றன.

அச்சீனக் கோயில்களைக் கட்டியவர் யாவர்? எங்கிருந்து வந்தனர்? இன்று ஏன் அக்கோயில்களில் கூட்டம் குறைந்துவிட்டது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். இது ஒரு சிறு சமூகத்தின் கதையே எனினும், சிறுபான்மையினராய் வாழும் எவரும் படித்துச் சிந்திக்கத்தக்க பாடம் ஒன்று இதனுள் உண்டு.

பழைய கடல்வழி

சீனர்க்கும் வங்கத்துக்கும் உள்ள தொடர்பு நேற்று முளைத்ததன்று. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பௌத்த நூல்களைத் தேடி வந்த சீனத் துறவி பாகியான், வங்கத்தின் தாமிரலிப்தித் துறைமுகத்திலிருந்தே கப்பலேறி இலங்கைக்குச் சென்றார். ஆயிரம் ஆண்டுகள் கழித்து, மிங் பேரரசரின் பெருங்கடற்படை இந்துமாக்கடலில் உலா வந்தது. அதன் தலைவராகிய செங் ஹோ, யுன்னான் மாநிலத்து முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய பயணங்களிற் சிலவற்றில் உடன்சென்ற மா ஹுவான் என்பாரும் முஸ்லிமே. வங்க நாட்டைப் பற்றியும் அதன் மக்கள், வணிகம், விளைபொருள் பற்றியும் மா ஹுவான் எழுதிய குறிப்புகள் வரலாற்றாசிரியர்க்கு இன்றும் பயன்படுகின்றன. வங்கத்துச் சுல்தான் சீனப் பேரரசர்க்கு ஒட்டகச்சிவிங்கி ஒன்றைப் பரிசாக அனுப்பியதும், அது 1414-இல் சீனத் தலைநகரை அடைந்து அரசவையை வியப்பில் ஆழ்த்தியதும் ஏட்டில் பதிவான செய்திகள்.

இதே செங் ஹோ இலங்கையின் காலித் துறைமுகத்தில் விட்டுச்சென்ற கல்வெட்டு ஒன்று 1911-இல் கண்டெடுக்கப்பட்டது. 1409-ஆம் ஆண்டைக் குறிக்கும் அக்கல்லில் மூன்று மொழிகள் உள்ளன. சீனப் பகுதி புத்தரைப் போற்றுகின்றது. தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாரைப் போற்றுகின்றது. பாரசீகப் பகுதி இஸ்லாத்தின் புகழ் பாடுகின்றது. மூவர்க்கும் அளிக்கப்பட்ட காணிக்கைகள் ஏறத்தாழ ஒரே தன்மையின. கடலோடி வாழ்ந்த அம்மக்கள் தாம் இறங்கும் கரையில் இருப்போரின் இறைநம்பிக்கையை மதித்து நடக்கும் பழக்கம் உடையவர்கள் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ? நம் தமிழும் அச்சான்றில் ஒரு மொழியாய் நிற்பது நமக்கு மகிழ்ச்சி தருவதே. எனினும் அவர்கள் வந்து போனவர்கள். வங்கத்தில் தங்கி வாழ்ந்தவர்கள் அல்லர். தங்கி வாழ வந்த சீனரின் வரலாறு ஆங்கிலேயர் காலத்தில் தொடங்குகின்றது.

கரும்புத் தோட்டமும் செந்நிறக் கல்லறையும்

கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னர் ஜெனரலாக வாரன் ஹேஸ்டிங்ஸ் இருந்த காலம். 1778-ஐ ஒட்டி, தோங் ஆச்சியூ என்ற சீன வணிகர் கல்கத்தாவுக்கு வந்தார். நகருக்குத் தெற்கே, ஹூக்ளி ஆற்றங்கரையில், பஜ்பஜ் என்னும் ஊருக்கு அருகில் ஏறத்தாழ 650 பிகா நிலம், ஆண்டுக்கு 45 ரூபாய் குத்தகையில் அவருக்கு வழங்கப்பட்டது. அங்கே அவர் கரும்பு பயிரிட்டார். சர்க்கரை ஆலை நிறுவினார். சீனத்திலிருந்து தொழிலாளரை வரவழைத்தார். சில ஆண்டுகளிலேயே, அத்தொழிலாளரைச் சிலர் ஆசைகாட்டி நகருக்கு இழுத்துச் செல்வதாக ஆச்சியூ முறையிட, 1781-இல் அவருக்கு ஆதரவாகக் கம்பெனி அறிவிப்பு ஒன்றை வெளியிட்டது. இரண்டே ஆண்டுகளில், 1783-இல், ஆச்சியூ மறைந்தார். ஆலையும் அவரோடு நலிந்தது. தொழிலாளர்கள் கல்கத்தாவை நோக்கி நடந்தனர்.

வங்காளியர் சர்க்கரையைச் ‘சீனி’ என்பர். தென்னாட்டில் நாமும் அவ்வாறே சொல்கின்றோம். ஆச்சியூவின் ஆலையினால்தான் அப்பெயர் வந்தது என்று வங்கத்திற் சிலர் கூறுவதுண்டு. அது பொருந்தாது, அச்சொல் அவருக்கு முற்பட்டது. ஆயினும் சீனத்தின் பெயரைச் சுமந்த பொருளைச் சீனர் ஒருவரே வங்க மண்ணில் காய்ச்சி விற்றார் என்பது சுவையான பொருத்தமேயாகும்.

அந்த ஊர் இன்றும் அவர் பெயராலேயே அச்சிப்பூர் என வழங்குகின்றது. ஆற்றங்கரையில் குதிரை இலாட வடிவில் அமைந்த அவருடைய செந்நிறக் கல்லறை உள்ளது. சற்றுத் தொலைவில் ஒரு சிறு சீனக் கோயில். அங்கு வீற்றிருப்போர் நிலத்தைக் காக்கும் தெய்வமும் அதன் துணைவியும் எனச் சீனர் கொள்வர். சுற்றுவட்டார மக்களோ அவ்விணையைக் ‘கோதா-கூதி’ என்று அழைக்கின்றனர். இறைவனைக் குறிக்கும் ‘குதா’ என்ற பாரசீகச் சொல்லின் வங்க உச்சரிப்பே கோதா என்பது. சீனத் தெய்வத்துக்குப் பாரசீகப் பெயரிட்டு, வங்கக் கிராமத்தார் வணங்குகின்றனர்! போதாக்குறைக்கு, சுந்தரவனக் காட்டுப் புலிகளின் அதிபதியாக வங்க மக்கள் கருதும் தட்சிணராயருக்கும் அவ்வளாகத்தில் இடமுண்டு. ஒரு நம்பிக்கையை மற்றொன்றுடன் கலத்தல் சமய நெறிக்கு உகந்ததா என்ற ஆராய்ச்சி வேறு. அயலான் கொண்டுவந்த தெய்வத்தை அந்நியம் என்று அக்கிராமம் விரட்டவில்லை என்பதே ஈண்டு நாம் கருதத்தக்கது. ஆண்டுதோறும் சீனப் புத்தாண்டை ஒட்டி, கல்கத்தாச் சீனர்கள் தங்கள் முன்னோடியின் கல்லறைக்குச் சென்று ஊதுவத்தி கொளுத்தி வருகின்றனர்.

‘சர்ச்’ என்று பெயர் கொண்ட கோயில்கள்

நகருக்கு வந்த சீனர்கள் திரெட்டா பஜார் என்ற பகுதியில் குடியேறினர். அப்பெயரும் ஓர் அயலாருடையதே. வெனிஸ் நாட்டிலிருந்து வந்து, கம்பெனி ஆட்சியில் நகரின் வீதிகளையும் கட்டடங்களையும் மேற்பார்த்த எட்வர்டு திரெட்டா என்ற இத்தாலியர் அங்கு சந்தை வைத்திருந்தார். இத்தாலியர் பெயர் கொண்ட சந்தையில் சீனர் குடியிருந்தனர். அவர்தம் தெருக்களில் ஒன்று பின்னாளில் சீனக் குடியரசின் தந்தை சன் யாட் சென் பெயர் பெற்றது.

சீனர் என்று நாம் ஒரே சொல்லாற் குறித்துவிடுகின்றோம். ஆனால் அவர்களுக்குள்ளும் மொழியாலும் ஊராலும் தொழிலாலும் பிரிவுகள் இருந்தன. காண்டன் பகுதியிலிருந்து வந்தோர் தச்சர்கள். கப்பல் துறைகளிலும் மரப்பட்டறைகளிலும் அவர்களுடைய கைத்திறன் புகழ்பெற்றிருந்தது. ஹக்கா மொழியினர் செருப்புத் தைப்போரும் தோல் பதனிடுவோரும் ஆவர். ஹூபே மாநிலத்தார் பல் வைத்தியர்கள். ஷான்டுங் மாநிலத்தார் பட்டுத் துணியைத் தோளிற் சுமந்து வீடு வீடாக விற்றவர்கள்.

ஒவ்வோர் ஊராரும் தமக்கென ஒரு சங்கம் அமைத்தனர். அச்சங்கமே கோயில், அதுவே புதிதாய் வந்தோர்க்கு முதல் புகலிடம், அதுவே முதியோர் கூடிப் பேசும் மன்றம், இறந்தோரை அடக்கம் செய்யும் பொறுப்பும் அதனுடையதே. மேல்தளத்தில் தெய்வம், கீழ்த்தளத்தில் மனிதர் என்பது பல இடங்களில் காணும் அமைப்பு. வாய்மைக்கும் வீரத்துக்கும் பெயர்பெற்ற குவான் யூ என்ற பழஞ்சீனத் தளபதியைச் சில கோயில்களில் வணங்குகின்றனர். சீ இப் கோயிலில் கருணைத் தெய்வமாகிய குவான் இன் வழிபடப்படுகின்றாள். 1905-இல் இன்றுள்ள உருவைப் பெற்ற அக்கோயிலின் பெயர்ப்பலகையைப் படிப்போர் திகைப்பர்: ‘சீ இப் சர்ச்’ என்றே எழுதியிருக்கும்! தூங் ஓன் சர்ச், நாம் சூன் சர்ச், கீ ஹிங் சர்ச் என்று மற்றவையும் அவ்வாறே. அங்கு சிலுவையும் இல்லை, பாதிரியாரும் இல்லை. ஆள்வோர் மொழியில் வழிபாட்டிடத்துக்கு அறிமுகமான சொல் ‘சர்ச்’. ஆகவே அச்சொல்லையே தம் கோயிலுக்குச் சூட்டிக்கொண்டனர். ஆள்வோர்க்குப் புரிகின்ற பெயரால் தம்மை அறிவித்துக்கொள்வது சிறுபான்மையினர்க்கு எக்காலத்தும் நேர்கின்ற கட்டாயம் போலும்.

தோலும் தொழிலும்

ஹக்காச் சீனர்கள் 1910-ஐ ஒட்டி, நகரின் கிழக்கெல்லையில் சதுப்பு நிலமாய்க் கிடந்த டாங்ராவில் தோல் பதனிடும் கூடங்களை நிறுவலாயினர். இரு உலகப் போர்களும் படைகளுக்கான காலணித் தேவையைப் பெருக்கின, டாங்ரா வளர்ந்தது. காலப்போக்கில் முந்நூறு வரையிலான தோற்கூடங்கள் அங்கே எழுந்தன. பென்டிங்க் வீதியில் வரிசை வரிசையாகச் சீனரின் காலணிக் கடைகள் அமைந்தன.

இத்தொழில் அவர்கள் கைக்கு வந்ததன் காரணத்தை ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சாதிப் படிநிலையில் உயர்ந்தோராகத் தம்மைக் கருதியவர்கள் தோலைத் தொடுவது தீட்டு என்றனர். தீட்டென ஒதுக்கிய தொழிலைத் தமிழகத்தில் முஸ்லிம் வணிகர்கள் மேற்கொண்டு உலகச் சந்தை வரை கொண்டுசென்றனர். கல்கத்தாவில் அதைச் சீனரும் மேற்கொண்டனர். நம்மவர் ஆவாரம் பட்டை கொண்டு பதனிட்ட மரபில் வளர்ந்தவர்கள். டாங்ராச் சீனரின் பெயர் குரோம் பதனீட்டோடு இணைந்தது. சாதியை அறியாத சீனர்க்குத் தீட்டு ஒரு தடையாக இல்லை. பச்சைத் தோலை அவர்களுக்கு விற்றோரில் முஸ்லிம் வணிகர் பலர். கூடங்களில் உழைத்தோர் பெரும்பாலும் பீகாரிலிருந்து வந்த தாழ்த்தப்பட்ட மக்களும் முஸ்லிம்களும் ஆவர். இவ்வாறாக, சமூகம் விலக்கிய ஒரு தொழிலைச் சுற்றி மூன்று வேறு மக்கள் கூடி வாழ்ந்தனர். முதலாளி, தொழிலாளி என்ற ஏற்றத்தாழ்வு அங்கும் இருந்தது. அதை மறைத்தல் நேர்மையாகாது. ஆயினும் நாள்தோறும் முகம் பார்த்துக் கொடுக்கல் வாங்கல் செய்யும் உறவு அவர்களிடையே நிலைத்தது.

அண்டை வீட்டாரின் சாவி

திரெட்டா பஜாருக்கு வடக்கே சிறிது தூரத்தில் நாகுதாப் பள்ளிவாசல் வானளாவ நிற்கின்றது. ‘நாகுதா’ என்பது மரக்கலத் தலைவனைக் குறிக்கும் பாரசீகச் சொல். நம் கடற்கரை ஊர்களில் ‘நகுதா’ என்று நாம் வழங்குவதும் அதுவே. குஜராத்தின் கச்சுப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய மேமன் வணிகர்கள், சிக்கந்தராவிலுள்ள அக்பர் கல்லறையை முன்மாதிரியாகக் கொண்டு இதனை எழுப்பினர். 1926-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அதனருகே, 1724-இல் கட்டப்பெற்ற ஆர்மேனியர் தேவாலயம் உள்ளது. யூதர்களின் பெத் எல் ஜெபாலயம் 1856-லும், மாகென் டேவிட் ஜெபாலயம் 1884-லும் எழுந்தவை.

பாக்தாதிலிருந்து வந்த யூத மக்களில் இன்று கல்கத்தாவில் எஞ்சியோர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. அவர்தம் ஜெபாலயங்களைத் துடைத்து, விளக்கேற்றி, சாவியைக் காத்து வருவோர் முஸ்லிம் குடும்பத்தினர். தலைமுறை தலைமுறையாக அவர்கள் இப்பணியைச் செய்து வருகின்றனர். யூதர்கள் தம் பெண்மக்களுக்காக நிறுவிய பள்ளியில் இன்று பயில்வோரில் பெரும்பாலோர் முஸ்லிம் மாணவியரே. பாலஸ்தீனத்தின் துயரை எண்ணி நெஞ்சு கொதிக்கும் இக்காலத்திலும், அண்டை வீட்டாரின் அமானிதத்தைக் காக்கும் கடமை வேறு என்பதை அந்த எளிய மக்கள் உணர்ந்திருக்கின்றனர்.

டாங்ராவில் வேறொரு காட்சி. அங்கே சீனர்கள் பேணிவரும் காளி கோயில் ஒன்று உள்ளது. நோயுற்ற சீனக் குழந்தையொன்று மரத்தடியில் இருந்த கற்களின் முன் வேண்டிக்கொண்டபின் நலம் பெற்றது என்றும், அதன்பின் அங்கு கோயில் எழுந்தது என்றும் மக்கள் கூறுவர். அக்கோயிலில் வழங்கும் பிரசாதங்களுள் நூடுல்ஸும் ஒன்று. இன்னொரு புறம், மிஷன் பள்ளிகளில் பயின்ற சீன இளைஞர் பலர் கிறிஸ்தவராயினர். அவர்களுக்கெனத் திருச்சபையும் பள்ளியும் ஏற்பட்டன. ஒரே குடும்பத்தில் தாத்தா குவான் யூவை வணங்கவும், பேரன் ஞாயிறுதோறும் ஜெபக்கூடம் செல்லவும் காணலாம். ஆயினும் முன்னோர் கல்லறைக்குச் செல்லும் நாளில் அனைவரும் ஒன்றுகூடுவர்.

இத்தனையும் படிப்போர், ‘இதுவன்றோ ஒற்றுமை! இங்கு யாருக்கு என்ன குறை?’ என்று வியந்து நூலை மூடிவிடக்கூடும். ஆனால் வரலாறு அங்கே முடியவில்லை.

1962

1962 அக்டோபர் 20 அன்று இந்திய-சீன எல்லையில் போர் மூண்டது. ஒரு மாதத்தில் ஓய்ந்த அப்போர், இந்தியாவில் வாழ்ந்த சீன வம்சத்தினரின் வாழ்வில் பல்லாண்டுகள் நீடித்தது. நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. பகை நாட்டின் குடிமகனாகத் தானோ, பெற்றோரோ, பாட்டன் பாட்டியரில் ஒருவரோ எக்காலத்திலேனும் இருந்திருப்பின், அவரையும் அந்நியராக நடத்தலாம் என்று சட்டம் விரிந்தது. இந்தியாவில் பிறந்து, இந்திய மொழி பேசி, சீனத்தைக் கண்ணாலும் காணாதவர்கள் இரவோடிரவாகச் சந்தேகத்துக்குரியோர் ஆயினர்.

அசாம், டார்ஜிலிங், ஷில்லாங் முதலிய இடங்களிலிருந்து ஏறத்தாழ 3,000 பேர், முதியோரும் குழந்தைகளும் உட்பட, ராஜஸ்தானத்தின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டனர். விசாரணை இல்லை, குற்றப்பத்திரிகை இல்லை. அந்நியர் ஆட்சியை எதிர்த்த நம் விடுதலை வீரர்களை ஆங்கிலேயர் சிறைவைத்த அதே தேவ்லியில், விடுதலை பெற்ற இந்தியா தன் மண்ணில் பிறந்த மழலைகளை அடைத்தது! கடைசியாக அடைபட்டிருந்தோர் வெளிவர 1967 ஆயிற்று. இடையே 1963-இல் சீன அரசு கப்பல்களை அனுப்பியது. தேவ்லியிலிருந்து இரயிலில் கொண்டுவரப்பட்டவர்கள் கப்பலேறிய துறைமுகம் எது தெரியுமா? நம் சென்னைத் துறைமுகம். தாம் அறியாத ‘தாய்நாட்டை’ நோக்கி, அழுத கண்ணுடன் அவர்கள் புறப்பட்டது நம் கடற்கரையிலிருந்துதான். தமிழகத்தில் இதனை அறிந்தோர் மிகச் சிலரே.

கல்கத்தாச் சீனர்களும் தப்பவில்லை. முகாம் சென்றோர் சிலர். எஞ்சியோர் காவல் அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ளவும், ஊர்விட்டு ஊர் செல்ல அனுமதி பெறவும் வேண்டியதாயிற்று. பலர் வேலையிழந்தனர். குடியுரிமை கேட்டு விண்ணப்பித்தோர் பல்லாண்டுகள் காத்துக்கிடந்தனர். ஒரு காலத்தில் 20,000 பேர் என மதிப்பிடப்பட்ட கல்கத்தாச் சீனர், கனடாவின் டொராண்டோ முதலிய நகரங்களுக்குச் சிறிது சிறிதாகப் பெயர்ந்தனர். இன்று அங்கு எஞ்சியோர் 2,000 அளவினர் என்பர்.

பின்னர் வந்த அடி வேறு வகையது. கழிவுநீரால் விளைந்த சூழற்கேட்டைக் கருதி, தோற்கூடங்களைப் பாந்தலாவுக்கு மாற்றவேண்டும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீரின் தூய்மைக்கு அத்தீர்ப்பு இன்றியமையாதது. பாலாற்றங்கரையில் வாழ்வோர் அதனை மறுக்கமாட்டார்கள். எனினும் சட்டமும் வறுமையும் சேர்ந்து பாதியாக்கிய சமூகத்துக்கு அது மற்றொரு சுமையாயிற்று. கூடங்கள் சில உணவகங்களாயின. 1969-இல் தொடங்கிய சீனமொழி நாளிதழும், 2020-இல் நின்றுபோயிற்று. அதே 2020-இல் கல்வான் பள்ளத்தாக்கில் மோதல் நிகழ்ந்தபோது, டாங்ரா மக்கள் இந்தியப் படைக்கு ஆதரவாகப் பதாகை ஏந்தித் தெருவில் நின்றனர். ஆச்சியூ வந்து இருநூற்று நாற்பது ஆண்டுகள் கழிந்தபின்னும், ‘நாங்கள் இந்நாட்டார்’ என்று அட்டையில் எழுதிக் காட்ட வேண்டிய நிலை!

பாடம்

இவ்வரலாற்றில் ஒரு முரண் புலனாகின்றது. சீனரின் தெய்வங்களை எவரும் சந்தேகிக்கவில்லை. அச்சிப்பூர்க் கோயில் இடிக்கப்படவில்லை. திரெட்டா பஜாரின் ஊதுவத்திகளை எவரும் அணைக்கவில்லை. அத்தெய்வங்களை வணங்கிய மனிதர்களே சந்தேகிக்கப்பட்டனர். வழிபாட்டிடங்கள் நின்றன; வழிபடுவோர் கப்பலேறினர். சமயப் பன்மையைக் கட்டடங்களின் எண்ணிக்கையால் அளப்போர் இதனைக் காணத் தவறுகின்றனர்.

அடைக்கலம் வேறு, உரிமை வேறு. அடைக்கலம் அண்டை வீட்டாரின் நல்லுள்ளத்திலிருந்து வருவது. கல்கத்தா மக்கள் அதனைத் தாராளமாகவே வழங்கினர்; அதன் பெருமையை யாரும் குறைத்தல் தகாது. ஆனால் நல்லுள்ளம் போர்க்காலத்துப் பேரச்சத்தைத் தாங்கும் வலிமை உடையதன்று. அப்போது மனிதனைக் காப்பது சட்டம் ஒன்றே. ‘இவன் செய்தது என்ன?’ என்று கேட்கும் சட்டம் அவனைக் காக்கும். ‘இவன் பாட்டன் யார்?’ என்று கேட்கத் தொடங்கிய சட்டம், ஆயிரம் ஆண்டு நட்பையும் ஒரே இரவில் செல்லாக்காசு ஆக்கிவிடும்.

ஒருவனை அவன் செயலால் அளப்பதா, பிறப்பால் அளப்பதா என்ற வினா கல்கத்தாச் சீனரோடு முடிவதன்று. பெரும்பான்மையிலிருந்து முகத்தாலோ மொழியாலோ மார்க்கத்தாலோ வேறுபட்ட ஒவ்வொருவர் வாசலிலும் அது என்றேனும் ஒருநாள் வந்து நிற்கும். அன்று நமக்காகப் பிறர் பேசவேண்டும் என்று நாம் விரும்பினால், தேவ்லியில் அடைபட்டவர்களின் கதையை இன்று நாம் பேசவேண்டும். நம் பிள்ளைகளுக்கும் சொல்லவேண்டும். சென்னைத் துறைமுகத்தின் வரலாற்றை எழுதுவோர், 1963-இல் அங்கிருந்து சென்ற அக்கப்பல்களுக்கும் ஓரிரு வரிகள் ஒதுக்குவாராக.